புறா வேட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: டெக்சாஸ் வார்டன்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கு, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வெயில் இன்னும் தணியாத அந்த வாரத்தில், வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளான கேம் வார்டன்களுக்கு ஓய்வே கிடையாது. அறுவடையான வயல்கள், குளக்கரைகள் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்களிடம் அபராதச் சீட்டு வாங்குபவர்கள் எல்லாரும் கள்ள வேட்டைக்காரர்கள் அல்லர். நல்ல எண்ணத்தோடு வந்து, விதியைச் சரியாகப் படிக்காதவர்களும் அதில் உண்டு.

அவர்கள் அதிகம் சறுக்கும் இடம் தானியம். சூரியகாந்தி வயலை வெட்டிச் சாய்த்து, அங்கே இறங்கும் புறாக்களைச் சுடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அது அந்த நிலத்திலேயே விளைந்த பயிர். ஆனால் வெளியிலிருந்து மூட்டையில் கொண்டுவந்த கோதுமையையோ சோளத்தையோ புறாக்களை வரவழைப்பதற்காகத் தூவினால் அது குற்றம். தூவிய தானியத்தை முழுவதும் அகற்றிய பிறகும் பத்து நாட்களுக்கு அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது. வார்டன் வந்ததும் மண்ணைத்தான் முதலில் பார்ப்பார். பூட்ஸ் முனையால் கிளறி, அந்த வயலில் விளையாத தானியம் கிடக்கிறதா, வண்டிப் பாதையோரம் வரிசையாகச் சிந்தியிருக்கிறதா என்று ஆராய்வார். “நிலக்காரர் செய்தது, எனக்குத் தெரியாது” என்ற பதில் எப்போதும் காப்பாற்றாது. 1998-இல் திருத்தப்பட்ட மத்திய சட்டத்தின்படி, நியாயமாகப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. பணம் கட்டி வேட்டைக்குப் போகும் முன் நிலக்காரரிடம் கேளுங்கள். கேட்ட பிறகும் ஒருமுறை வயலைச் சுற்றி நடந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், மனம் வருந்த வைக்கும் தவறு வேறொன்று: நண்பர்கள் எல்லாரும் சுட்ட பறவைகளை ஒரே ஐஸ் பெட்டியில் கொட்டுவது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 புறாக்கள் என்பது வரம்பு. நான்கு பேர், பெட்டியில் 52 பறவைகள் என்றால் கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒருவர் 19 சுட்டிருந்தால் அவர் வரம்பு மீறியவர். கூட்டாளியின் பங்கை அவர் சுட்டுக் கொடுக்க முடியாது. எது யாருடையது என்று காட்ட வழியில்லாமல் நால்வரும் திணறுவார்கள். ஆளுக்கொரு பை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. பறவைகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதானால் பெயர், முகவரி, கையெழுத்து, எண்ணிக்கை, இனம், சுட்ட தேதி எழுதிய சீட்டைக் கட்டாயம் இணைக்க வேண்டும். அடிபட்டு விழுந்த பறவையைத் தேடாமல் விட்டுவிட்டு அடுத்ததைச் சுடுவதும் குற்றம்தான்.

அடையாளம் தெரியாமல் சுடுவது இன்னொன்று. நம் ஊர்களில் பார்க்கும் கள்ளிப்புறா, கழுத்தில் கறுப்புப் பட்டையோடு இப்போது டெக்சாஸ் முழுவதும் பரவியிருக்கிறது. அது வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் இறகுகளைப் பிடுங்கிவிட்டால் அது வரம்புள்ள புறாவா, கள்ளிப்புறாவா என்று எப்படிக் காட்டுவீர்கள்? வீடு போய்ச் சேரும்வரை இறகுகள் இருக்கட்டும். மங்கிய வெளிச்சத்தில் வேகமாகப் பறக்கும் சிறு பருந்தினங்களையும் புறா என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். அவை 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது. அதற்கான அடைப்புக் கட்டையைச் சுத்தம் செய்யும்போது கழற்றி வைத்து, திரும்பப் பொருத்த மறப்பவர்கள் உண்டு. வார்டன் தோட்டாவைச் செருகிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதே மாதத்தில் வாத்து வேட்டைக்கும் போகிறவர்கள் ஈயக் குண்டுத் தோட்டாவைச் சட்டைப் பையில் மறந்து வைத்துக்கொண்டு போகக் கூடாது. 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டையில் ஈயத்துக்குத் தடை இருக்கிறது. சுடாவிட்டாலும், கையில் வைத்திருப்பதே குற்றம்.

அங்கே வேலை பார்க்கும் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. “ஒரு தடவை சுட்டுப் பாருங்கள்” என்று அலுவலக நண்பர் நீட்டும் துப்பாக்கியை உரிமமில்லாமல் வாங்கினால், அது பறவை வேட்டை அபராதத்தோடு நிற்காது, விசாவையே பாதிக்கலாம்.

வார்டன் வருவதைப் பார்த்ததும் செடிமறைவுக்கு நகர்வது, பையை ஒளிப்பது, துப்பாக்கியோடு சட்டென்று திரும்புவது எல்லாமே கூடாது. அவர் பெரும்பாலும் தனியாக வருகிறார்; எதிரே நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஆயுதம் இருக்கிறது; உதவிக்கு ஆள் வர நேரமாகும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் கேட்டதும் உரிமத்தையும் பறவைகளையும் காட்டுங்கள்.