பேசுவது யார், எரிவது எது: வேதவாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1806-ல் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலந்தொட்டு எங்கள் குமரி மாவட்டத்து வீடுகளில் வேதம், அதாவது பைபிள், புழங்குகிறது. ஓய்வுநாள் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வசனங்களைத் தலைகீழாகச் சொல்வார்கள். அந்தப் பழக்கமே சில நேரம் கண்ணை மறைத்துவிடுகிறது.

பேசுவது யார் என்று பாராமல் வசனத்தை எடுப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. நாகர்கோவிலில் என் சித்தி வீட்டு முன்னறையில் ஒரு வசனம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது. யோபு 8:7. சொல்வது கர்த்தர் அல்ல, யோபுவின் நண்பன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுவிடம், அவர்கள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்பதுபோல் 4-ம் வசனத்தில் பேசிவிட்டு, நீர் சுத்தமாயிருந்தால் எல்லாம் சரியாகும் என்கிறான். கடைசியில் 42:7-ல் இந்த நண்பர்கள்மேல் கர்த்தர் கோபப்படுகிறார். அட்டையைக் கழற்றச் சொல்லி நான் சித்தியிடம் கேட்கவில்லை. யோபுவின் பின்னிலைமை ஆசீர்வாதமாகத்தான் முடிந்தது. ஆனால் துக்கவீட்டில் எப்படிப் பேசக்கூடாது என்பதை, அதிகாரம் முழுவதையும் வாசித்த பிறகே நான் கற்றேன்.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதை விசா வரவேண்டும் என்று ஜெபிக்கும்போது சொல்கிறோம். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது! பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது 5-ம் வசனம்.

எழுதாததைச் சேர்த்து வாசிப்பது இன்னொன்று. கிறிஸ்மஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்கள் தொழுவத்துக்கு வருவார்கள். மத்தேயு 2-ல் அவர்கள் சாஸ்திரிகள், எத்தனை பேர் என்று இல்லை, நுழைவது வீட்டுக்குள்.

சின்னச் சொல்லைத் தாண்டிப் போவதில்தான் நிறைய இழக்கிறோம். யோவான் 18:18-ல் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் வேலைக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள். அங்கே நின்றுதான் இயேசுவின் சீஷனான பேதுரு, அவரைத் தெரியாது என்று மறுதலிக்கிறான். 21:9-ல் இரவு முழுக்க வலைபோட்ட பேதுருவும் மற்றச் சீஷர்களும் கரையிறங்கும்போது, மறுபடியும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். இதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. குளச்சல் கரையில் மீன் சுடும் வாடை சட்டையில் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியும். மூன்று தரம் மறுதலித்த இரவின் அதே புகை பேதுருவின் மூக்கில் ஏறுகிறது. இயேசு அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகு மூன்று தரம், என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார்.