பழைய ஆயில் இஞ்சின் கிராங்க் ஷாஃப்ட்டில் விரிசல்: செய்யக் கூடாதவை

வடாற்காட்டுக் கிணற்றுமேட்டில் இறைத்து ஓய்ந்த லிஸ்டர் வகை இஞ்சினை மறுபடி ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கழற்றிச் சோதிக்க வேண்டும். 6 குதிரைத்திறன் இஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும். இரு பக்கமும் கனத்த பிளைவீல்கள் தொங்கும்போது ஷாஃப்ட் முறிந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

சோதனையிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. துருவை எடுக்கக் கிரைண்டரையோ மணல் பிளாஸ்டிங்கையோ போட்டால் மேல் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு தின்னரால் துடைத்தால் போதும். பிறகு, விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சோதனைச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். மேலே நிற்பதை எடுக்க கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஷாஃப்ட் மேலேயே அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப்போகும். பிறகு, உள்ளே நிற்கும் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை மெல்லியதாக அடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். வேலூர் கத்திரி வெயிலில் கிடந்த ஷாஃப்ட்டில் இதைச் செய்யாதீர்கள். இரும்பு 50 டிகிரியைத் தாண்டினால் சாயம் காய்ந்துவிடும், இருக்கிற விரிசலும் தெரியாது. நிழலில் ஆறவைத்த பிறகு செய்யுங்கள். மைக்ரோமீட்டர் அளவும் அப்போதுதான் சரியாக வரும். ஷாஃப்ட்டைக் காந்தமாக்கி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் காந்தத் துகள் சோதனை இதைவிட நல்லது. பாய்லர் துணைக்கருவி வேலை நடக்கும் ராணிப்பேட்டைப் பக்கம், வெல்டிங் சோதனை செய்பவர்களிடம் விசாரிக்கலாம்.

அடுத்து, விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதியான ஜர்னலும், ஜர்னல்களை இணைக்கும் கையான வெப்பும் (web) சேரும் வளைவில் (ஃபில்லட்), எண்ணெய்த் துளை ஓரத்தில், அல்லது பிளைவீலை இறுக்கும் கீ (ஆப்பு) உட்காரும் காடியான கீவேயின் மூலையில் தொடங்கிக் குறுக்கே ஓடும் விரிசல், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வளைந்து நிமிர்வதால் வளர்ந்தது. அதை வெல்டு செய்தால் மேலே மூடலாம், ஆனால் 0.4 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, வெல்டை ஒட்டிய பட்டையில் சட்டென்று குளிர்ந்து கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. அடுத்த முறிவு அங்கேதான். குறுக்கு விரிசல் கண்ட ஷாஃப்ட்டைக் கழித்துவிடுங்கள். லிஸ்டர் வகைக்கு ராஜ்கோட் தயாரிப்பு ஷாஃப்ட் கிடைக்கிறது. ஜர்னல் விட்டம், மொத்த நீளம், கீவே அகலம் மூன்றையும் அளந்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஜர்னல் மேல்தோலில் நீளவாக்கில் தெரியும் மெல்லிய சூட்டுக் கீறல்கள் வேறு வகை. அவற்றை 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து கிரைண்ட் செய்தே போக்கலாம். ஆனால் கூலன்ட் குறைந்தால் புதிய கீறல் விழும் என்பதால், முடித்த பின் சாயச் சோதனையைத் திரும்பச் செய்வது கட்டாயம். லேத் பட்டறையில் கிரைண்டிங் கல்லின் மூலையை உருட்டி டிரெஸ் செய்யச் (சீவிச் சரிசெய்ய) சொல்லுங்கள். மூலை கூராக இருந்தால் ஃபில்லட் போய்விடும், நல்ல ஷாஃப்ட்டும் அங்கே விரியும். கழற்றும்போதே ரேடியஸ் கேஜால் அந்த வளைவை அளந்து குறித்துக் கொடுங்கள். எண்ணெய்த் துளையின் விளிம்பையும் மழுக்கி மெருகேற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

பழைய ஷாஃப்ட் ஏன் விரிந்தது என்று பார்க்காமல் புதியதைப் பூட்டுவதும் வீண்தான். தேய்ந்த மெயின் பேரிங், தளர்ந்த அஸ்திவார போல்ட், ஆடும் பிளைவீல் கீ, இம்மூன்றையும் பாருங்கள். தளர்ந்த கீயின் பக்கத்தில் தகரத் துண்டைச் செருகி இறுக்கக் கூடாது; கீவேயின் மூலையில் அடி விழுந்துகொண்டே இருக்கும். பக்கங்கள் முழுக்கப் பொருந்தும் புதுக் கீயை, எங்கே உரசுகிறது என்று தெரிய நீலம் தடவி, அரம் போட்டுச் சேர்த்த பிறகே அடித்து இறக்குங்கள்.