கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்த நிலைப்பயிற்சி

என் அம்மா வழுக்கி விழவில்லை. கொல்லைப்புறக் குழாயடியில் நின்று முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். நுரை பட்டுவிடக் கூடாதென்று கண்ணை மூடினார். அவ்வளவுதான், இடப்பக்கம் சாய்ந்து, துவைக்கிற கல்லில் தோள் இடித்து விழுந்தார். தரை காய்ந்துதான் இருந்தது. மயக்கமும் வரவில்லை. "காலுக்கடியிலிருந்து தரையை யாரோ உருவியது போல இருந்தது" என்றார். வயது 68, சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாம் நிமிர்ந்து நிற்க, மூளைக்கு மூன்று வழிகளில் செய்தி போகிறது. கண் ஒன்று. உட்செவி இன்னொன்று: ஒவ்வொரு காதிலும் நீர்மம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன, அவற்றை ஒட்டி, நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் தாங்கிய இரு பைகள் தலையின் சாய்வைச் சொல்கின்றன. மூன்றாவது, பாதத் தோலும் மூட்டுகளும் தசைகளுக்குள் பதிந்திருக்கும் உணரிகளும். மின்சாரம் போன இரவிலும் சோற்றுக் கவளம் மூக்குக்குப் போகாமல் வாய்க்கே போகிறதே, அது இந்த உணர்வின் வேலை. சர்க்கரை முதலில் கை வைப்பது பாதத்து நரம்புகளில்தான். அம்மாவுக்குப் பாதத்துச் செய்தி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அவரும் அறியாமல் கண்ணை நம்பியே நின்றிருக்கிறார். கண்ணை மூடியதும் ஊன்றுகோல் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் தண்டுவடம் பழுதான நோயாளிகளிடம் இதையே கவனித்து எழுதினார். அவர் பெயரில் வழங்கும் சோதனையை இன்றும் நாங்கள் தினமும் செய்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் அதைச் செய்து பார்க்கலாம். இடம் முக்கியம். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், முதுகு மூலையைப் பார்க்க, சுவரைத் தொடாமல் நிற்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு கனமான நாற்காலியை, அதன் முதுகுப்பக்கம் அவரை நோக்கியிருக்கும்படி போடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்க ஏதாவது இருக்கும். நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள். பாதங்களைச் சேர்த்து வைத்து, கண் திறந்து 30 வினாடி. பிறகு கண் மூடி 30 வினாடி. கண் மூடினால் எல்லோருக்கும் கொஞ்சம் அசையும். கால் எடுத்து வைக்கவோ சுவரைப் பிடிக்கவோ நேர்ந்தால் கவனிக்க வேண்டும். அடுத்து, கண் திறந்தபடியே ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலுக்கு நேர் முன்னால் ஒட்டி வைத்து 10 வினாடி நிற்கச் சொல்லுங்கள். அது முடியாத முதியவருக்கு விழும் அபாயம் அதிகம்.

அம்மா கண் மூடி நான்கு வினாடி நின்றார்.

பயிற்சியைப் பாதத்திலிருந்து தொடங்கினேன். சமையல் மேடையைப் பார்த்து நின்று, உடம்பின் பாரத்தை மெதுவாக முன்பாதத்துக்குக் கொண்டுபோய், பிறகு குதிகாலுக்குக் கொண்டுவர வேண்டும். இடுப்பு வளையக் கூடாது. கணுக்கால் மட்டும்தான் அசைய வேண்டும். ஒவ்வொரு முறையும் "இப்போது பாரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். முதல் நாள் "தெரியவில்லையே" என்றார். நான்காம் நாள் "வலது காலில் சுண்டுவிரல் ஓரமாக" என்றார். பட்டுப்போன நரம்பைப் பயிற்சி உயிர்ப்பிக்காது. மிச்சமிருக்கும் செய்தியைக் கூர்ந்து கேட்க மூளை பழகிக்கொள்ளும். அதுவே பெரிய லாபம்.

அடுத்தது காதுக்கு. ஒரு நாளிதழைக் கையில் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். இப்போது நாளிதழை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறது, இல்லையா? தலை திரும்பிய நூறில் ஒரு வினாடிக்குள், காது சொன்ன செய்தியைக் கொண்டு மூளை கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. படித்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. இதையே பயிற்சியாக மாற்றலாம். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தேதி எண் பெரிதாக இருக்கும். ஒரு கை நீளத் தூரத்தில் நின்று, அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், 'இல்லை' என்பது போலத் தலையை 30 வினாடி ஆட்ட வேண்டும். பிறகு 'ஆமாம்' என்பது போல. எண் கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, பழகியபின் நின்று. லேசாகக் கிறுகிறுத்தால் பரவாயில்லை. அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இனிச் சொல்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. பெரியவர் தள்ளாடினால் பிள்ளைகள் ஓடிவந்து முழங்கையை இறுகப் பிடிக்கிறார்கள். அன்புதான். ஆனால் அந்தப் பிடியில் அவருடைய மூளைக்குச் செய்ய வேலையே இல்லாமல் போகிறது. உடம்பின் அசைவையும் சமநிலையையும் சீர்செய்யும் சிறுமூளை எடையில் மொத்த மூளையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் அங்கேதான் இருக்கின்றன. உடம்பு நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அது கற்றுக்கொள்கிறது. சிறிய தள்ளாட்டம் அதற்குப் பாடம். ஆகவே பிடிக்க வேண்டாம், தொடச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் நுனியை மேடையின் விளிம்பில் பாரம் கொடுக்காமல், பட்டும் படாமலும் வைத்தாலே தள்ளாட்டம் வெகுவாகக் குறையும். விரல் அங்கே தாங்குவதில்லை. உடம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அம்மா முதலில் பத்து விரலாலும் மேடையைப் பற்றியிருந்தார். அவருடைய விரல் நுனிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, "நான் இழுத்தால் கிழியாமல் வரவேண்டும், அம்மா" என்றேன். மூன்று நாளில் வந்தது.

அந்த நிலைக்கு வந்தபின் கண்ணை மூடலாம். முதலில் 5 வினாடி, பிறகு 10. அதுவும் பழகிவிட்டால், கண் திறந்தபடி ஒரு தடித்த தலையணைமேல் நிற்கலாம். கால் சொல்லும் செய்தி அங்கே குழம்பிவிடுவதால் காதுக்கு வேலை கூடும். ஆள் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. தலையணைமேல் நின்று கண்ணையும் மூடுவதை அம்மாவுக்கு நான் கொடுக்கவே இல்லை. நடைக்கு, தரை ஓடுகளின் கோடு போதும்: குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பத்து அடி. தடுமாறாமல் வந்ததும், நடந்துகொண்டே மறுநாள் காய்கறிப் பட்டியலைச் சொல்லச் சொன்னேன். வாழ்க்கையில் யாரும் நடப்பதை மட்டும் தனியாகச் செய்வதில்லையே.

காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். ஒரே மூச்சில் அரைமணி நேரம் வேண்டாம். களைத்த கால் தப்பாகப் பழகும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் பயிற்சி செய்தால், தரையைப் பெருக்கிவிட்டு, முடிந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். முள் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

படுக்கையில் புரளும்போது சில வினாடிகள் உலகமே சுழன்றால், காதுப் படிகங்கள் இடம் மாறியிருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. பெரும்பாலும் எளிதில் சரியாகும். திடீர்த் தள்ளாட்டத்தோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கம் வலுவிழந்தாலோ பயிற்சியைப் பற்றியே யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆறாவது வாரம் அம்மா மூலையில் கண் மூடி 22 வினாடி நின்றார். முகம் கழுவும்போது இப்போதும் இடக்கையின் ஒரு விரல் குழாய்மேல் பட்டுக்கொண்டிருக்கிறது. அதை விடவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.