டயர் சைஸ் மாற்றும் முன் ஒரு சின்னக் கணக்கு

கொஞ்சம் அகலமான டயர் போட்டால் வண்டி ரோட்டில் நன்றாக உட்காரும் என்று டயர் கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அகலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், மொத்த உயரத்தைப் பாருங்கள்.

ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்டில் வரும் 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். 165 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம், 80 என்பது அதில் எத்தனை சதவீதம் டயர் சுவரின் உயரம் என்பது. 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழுமாக 264. அதோடு 14 இன்ச் ரிம், அதாவது 355.6. மொத்தம் சுமார் 620 மி.மீ. அதே ரிம்மில் 185/70 போட்டால் 615 வரும், பரவாயில்லை. 185/65 என்றால் 596தான். வண்டி 12 மி.மீ. இறங்கிவிடும், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அது தாங்காது. ஸ்பீடோமீட்டரும் இருப்பதைவிடக் கூடுதல் வேகம் காட்டும். 15 இன்ச் அலாய்க்கு மாறுபவர்கள் 185/65 ஆர்15 எடுக்கலாம். உயரம் 621.5, மேல் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் சைஸ்.

சைஸுக்குப் பக்கத்தில் 85டி, 88எச் என்று இருக்கும். எண் டயர் தாங்கும் எடையையும், எழுத்து அதன் அதிகபட்ச வேகத்தையும் குறிக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றுகிற வண்டி, பழைய எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா பாருங்கள். மைலேஜ் லேசாகக் குறையும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய சைஸ் என்றால், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப்போக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.