கொழும்பில் கழிவுநீர் திரும்பி வந்தால்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஊரில் குசினித் தண்ணீர் வாழையடிக்குப் போகும். மலசலகூடத்துக்கு வளவின் மூலையில் சொந்தக் குழி இருக்கும். எது அடைத்தாலும் காரணமும் பரிகாரமும் உங்கள் வேலிக்குள்ளேயே கிடைத்துவிடும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடிக்குக் குடிவந்த பிறகு நிலைமை வேறு. உங்கள் குளியலறைத் தரையில் பொங்கும் தண்ணீர் மூன்றாம் மாடியில் அரிசி கழுவியவருடையதாக இருக்கலாம். ஆகவே, அடைப்பு யாருடைய குழாயில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் பிளம்பரை அழைத்தால், அவர் உங்கள் பேசினைக் கழற்றிப் பூட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போவார். இரவு தண்ணீர் மறுபடி வரும்.

தண்ணீர் திரும்பி வந்தவுடன் வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பிறகு பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு சொட்டும் பாவிக்காதபோதும் மட்டம் ஏறினால் அது மேல்வீட்டுத் தண்ணீர். அடைப்பு எல்லோருக்கும் பொதுவான குழாயில், உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிறது. உடனே ஒருவரை மாடிப்படி ஏறவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் பாவிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கழிவுநீர் தாழ்வான வாயைத் தேடித்தான் வெளியே வரும்; அதனால் நிலத்தளத்தில் இருப்பவர்களே மற்றவர்களுக்காக அவதிப்படுகிறார்கள். கதவைத் தட்டக் கூச்சப்படாதீர்கள். மேலே இருப்பவர்களுக்கு இப்படி நடப்பதே தெரிந்திருக்காது.

மட்டம் ஏறாமல் நின்றால் கோளாறு உங்கள் பக்கமாக இருக்கலாம். குசினி சிங்க் மட்டும் மெதுவாக வடிகிறது, மற்றவை சரியாகப் போகின்றன என்றால் அடைப்பு சிங்கிற்குக் கீழே உள்ள வளைவிலோ அதை அடுத்த குழாயிலோ இருக்கும். ஒரு வாளியை வைத்து அந்த வளைவைக் கையாலேயே கழற்றலாம். தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, தேயிலைச் சக்கை, ஆட்டிறைச்சிக் கொழுப்பு ஆகியவை கஞ்சித் தண்ணீரோடு சேர்ந்து அங்கே இறுகிக் கிடக்கும். ஆனால் கொமட்டில் தண்ணீர் அடிக்கும்போது குளியலறைத் தரைத் துவாரத்தில் தண்ணீர் எழும்பினால், அடைப்பு அவை இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது. உடுப்பு இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது கொமட்டில் மட்டம் ஆடினாலும் அதே பொருள்தான்.

காதுக்கும் வேலை இருக்கிறது. பேசினில் தண்ணீர் போகும்போது கொமட் 'களக் களக்' என்று சத்தமிட்டால் குழாய்க்குள் காற்று சரியாகப் போய்வரவில்லை. பாதி அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாய் மூடுண்டிருக்கலாம். முழு அடைப்புக்குச் சில நாள் முன்பே இந்தச் சத்தம் வருவதுண்டு, அலட்சியம் செய்யாதீர்கள். நாற்றம் மட்டும் வந்து தண்ணீர் ஒழுங்காக வடிந்தால், பாவிக்காத குளியலறையின் தரைத் துவாரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் குழாயின் வாயுவை அறைக்குள் வரவிடாமல் தடுக்கிறது. அது வற்றியிருக்கும்.

அடுத்தது மேன்ஹோல். வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் வழக்கமாக ஒன்றிரண்டு மூடிகள் இருக்கும். காவலாளியையோ பிளம்பரையோ கொண்டு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குழி காலியாக இருந்தால் அடைப்பு அதற்கும் வீட்டுக்கும் நடுவில். நிரம்பியிருந்தால் அதற்கு அப்பால். முதற் குழி நிரம்பி அடுத்தது காலியாக இருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட குழாயில். வீதி வரை எல்லாம் நிரம்பியிருந்தால் உங்கள் காசைச் செலவழிக்காதீர்கள். அது மாநகர சபையின் வேலை. யாரையும் அந்தக் குழிக்குள் இறங்க விடாதீர்கள், எவ்வளவு ஆழம் குறைந்ததானாலும். அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் மூக்கின் உணர்வை மழுங்கடிக்கும். பிறகு ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மடிவதுண்டு. சிகரெட், நெருப்புக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம்.

மழை பெய்யும்போது மட்டும் திரும்பி வருகிறதா? அது வேறு நோய். மே மாதத் தென்மேற்குப் பருவமழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் தாழ்ந்த பகுதிகளில் வடிகான்கள் நிரம்பி நிற்கும். நகரின் பழைய பாதாளக் கழிவுக் குழாய்கள் ஆங்கிலேயர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டவை. கூரை மழைநீர் வீதி வடிகானுக்குத்தான் போக வேண்டும். சில கட்டடங்களில் அதைக் கழிவுக் குழாயோடு இணைத்துவிடுகிறார்கள். ஒரு பலத்த மழை போதும், நிலத்தள வீடு நாறிவிடும். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள்.

வெள்ளவத்தையைத் தாண்டித் தெகிவளைக்குள் போனால் அது வேறொரு மாநகர சபை. அங்கே பல வீடுகளுக்கு செப்டிக் தொட்டிதான். எல்லாத் துவாரங்களும் ஒரே நேரத்தில் மந்தமாகி, தொட்டி மூடியைச் சுற்றி ஈரம் கசிந்தால் தொட்டியைப் பாருங்கள். கழிவை உறிஞ்சி எடுக்கும் லொறியான கலி பவுசரைக் கொண்டு இறைத்த சில நாட்களிலேயே மறுபடி நிரம்பினால், இன்னொரு பவுசருக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை. தொட்டித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் ஊறுகுழி தூர்ந்திருக்கிறது, அல்லது நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சீரமைக்கக் கேளுங்கள். தனியார் பவுசரை அழைத்தால் கழிவை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார் என்றும் கேளுங்கள். கால்வாயில் கொட்டப்படுவது யாரோ ஒரு பிள்ளையின் வாசலுக்குத்தான் போகும்.

யாரை அழைப்பது என்பதில் புதிதாக வருபவர்கள் குழம்புவது இயல்பு. தண்ணீர்ப் பட்டியல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமிருந்து வருவதால் அங்கே முறையிடுகிறார்கள். ஆனால் கொழும்பு நகருக்குள் வீதிக் கழிவுக் குழாயைக் கவனிப்பது கொழும்பு மாநகர சபையின் வடிகாலமைப்புப் பிரிவு. உங்கள் வீட்டுக்குள் உள்ளது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான விடயம்; வாடகை ஒப்பந்தத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பொதுக் குழாய் தொடர்மாடியின் முகாமைத்துவத்துக்கு உரியது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் தொடர்மாடியின் பொதுப் பகுதிகளைத் தனி வீடுகளிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. எனவே பொதுக் குழாயின் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்ட முயன்றால் மறுத்துப் பேசுங்கள். மட்டம் ஏறுவதைக் கைப்பேசியில் நேரத்தோடு படமெடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருங்கும். வருபவருக்குத் தமிழ் புரியாவிட்டால் சிங்களத்தில் "வத்துர பஹின்னே நே" (தண்ணீர் இறங்கவில்லை) என்று சொல்லி இடத்தைக் காட்டுங்கள்.

ஹாட்வெயார் கடையில் கோஸ்டிக் சோடாவைத் தாராளமாகத் தருவார்கள். முழுதாக அடைத்த குழாயில் அதை ஊற்றாதீர்கள். அது அங்கேயே தேங்கி நின்று, பிறகு வளைவைக் கழற்றுபவரின் கையையும் கண்ணையும் எரிக்கும். ஊற்றிவிட்டிருந்தால் பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் நச்சு வாயு மூடிய குளியலறையில் உயிரைப் பறிக்கக்கூடியது. ரப்பர் பிளஞ்சர் ஒன்றை வாங்கி வையுங்கள். அதைப் பாவிக்கும்போது பேசினின் மேல் துவாரத்தை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டால்தான் அழுத்தம் குழாய்க்குள் போகும்.

அடைப்பு நீங்கியதும் பிள்ளைகளைத் தரையில் விட அவசரப்படாதீர்கள். வந்தது எல்லா வீட்டுக் கழிவும் கலந்த தண்ணீர். கையுறை போட்டு, முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு குளோரின் கலந்த தண்ணீரால் துடைத்து, ஜன்னலைத் திறந்து நன்றாகக் காயவிடுங்கள். நனைந்த பாயையும் மெத்தையையும் காயவைத்து வைத்திருக்க வேண்டாம், வீசிவிடுங்கள்.