பார்ட்டி முடிந்தால் எழுந்திருங்கள்

மாதம் 11, 20 தேதிகள் நெருங்கினால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஒருவரும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாட்கள் அப்படி. "காலையில் வாக்கிங் போய்விட்டுத்தானே வருகிறோம்" என்பார்கள். நல்லதுதான். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்கு அரை மணி வாக்கிங் பற்றாது. பத்து லட்சம் பேருக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வைத்து 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தினம் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடக்கிற அளவுக்கு உழைத்தால்தான் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து நீங்குகிறது என்றது. அவ்வளவு நேரத்துக்கு நாம் எங்கே போவது?

லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1953-லேயே ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிவிட்டார். கால் தசை சும்மா கிடந்தால் ரத்தத்தில் உள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் அது சரியாக எடுத்துக்கொள்வதில்லை. காலில் ரத்த ஓட்டமும் மந்தமாகும்.

ஆகவே நடுநடுவே எழுந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே ரத்த அழுத்தமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் குறைவதை 2023-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் பார்த்தார்கள். சோதித்தது 11 பேரைத்தான். இருந்தாலும் செய்து பார்ப்பதில் செலவில்லை.

மொபைலில் அலாரம் வைக்காதீர்கள், அணைத்துவிடுவீர்கள். வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ஒரு பார்ட்டியின், அதாவது வாடிக்கையாளரின், கணக்கு முடிந்தால் எழுந்து, அந்த ஃபைலை நீங்களே ரேக்கில் வைத்துவிட்டு வாருங்கள். பெரிய பார்ட்டி என்றால் ஒவ்வொரு பில் கட்டுக்கும் ஒருமுறை. பார்ட்டி ஓடிபி சொல்லக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அது நமக்கென்றே அமைந்தது: போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடக்கலாம். மேஜையில் ஒரு லிட்டர் பாட்டில் வேண்டாம், சின்ன டம்ளர் போதும், தண்ணீருக்காகவாவது எழுந்திருப்பீர்கள். பிரிண்டரை ஆபீஸின் கோடியில் போடச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

மற்றதை விட்டாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதை விடாதீர்கள். சாம்பார் சாதத்தோடு நேராக டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் முன் போய் உட்காருவதுதான் மோசம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பதும் இதற்கு மாற்று அல்ல. கால் வீங்கும், நரம்பு சுருட்டும்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, இடது கை, தாடைப் பக்கம் வலி பரவினாலோ கேஸ் என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். ரிட்டர்னை வேறு யாராவது போடுவார்கள்.