இறுகிப்போன வீல் பேரிங்கை வீட்டு முற்றத்தில் கழற்றும் முறை

மார்கழி வெள்ளத்தில் மட்டக்களப்பின் படுவான்கரை வீதிகளில் ரயர் மூழ்க ஓடிய காரும், கல்லடிக் கடற்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற காரும் பெரும்பாலும் ஒரே நோயுடன்தான் வந்து சேர்கின்றன. சக்கரத்தை இலகுவாகச் சுழலவிடும் குண்டு வளையமான வீல் பேரிங்கின் ரப்பர் சீலைத் தாண்டி நீரோ உப்போ உள்ளே போனதும் கிறீஸ் கெட்டு, வேகம் கூடக்கூட முன்சக்கரத்திலிருந்து ஊளைச் சத்தம் எழும். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்கே பழுதாகியிருக்கும். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது சாய்வதே காரணம். நக்கிளுக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகத்துக்குள், அழுத்திப் பொருத்தப்படும் பேரிங்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பேரிங் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. காப்பாற்ற வேண்டியவை நக்கிளும், சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகமான ஹப்பும். சுத்தியலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடி எதன்மீது விழப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் நிலத்தில் இருக்கும்போதே, அச்சு நட்டின் மடித்த விளிம்பை நிமிர்த்தி, நீண்ட கைப்பிடி கொண்டு நட்டைத் தளர்த்திவிடுங்கள். எங்கள் கரையோர மணல் முற்றங்களில் ஜாக் புதைந்து சரிந்துவிடும் என்பதால், அதற்கும் காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் தடித்த பலகை இட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ கொண்டுபோகக் கூடாது. பிறேக் தட்டைக் கவ்வும் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்; அதன் பாரம் குழாயில் இறங்கக் கூடாது. சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சர் கறளில் ஒட்டியிருந்தால் இழுத்து முறிக்காமல், எண்ணெய் விட்டு ஓரிரவு விட்டுவிடுவது நல்லது. அச்சு ஹப்பை விட்டு வராவிட்டால், பழைய நட்டை அச்சின் நுனிமட்டத்துக்குப் பூட்டி, மரக்கட்டை வைத்து அடியுங்கள். வெறும் சுத்தியல் பட்டால் புரி நசுங்கிவிடும்.

நக்கிளைக் காரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிய பிறகே மீதி வேலை. ஹப்பை வெளியே தள்ளும்போது பேரிங் பிளந்து, உள்வளையம் ஹப்பிலேயே தங்கிவிடும். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். கிரைண்டரின் மெல்லிய தட்டால் வளையத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு வெட்டுங்கள். முழுவதும் வெட்டிவிடாமல், தாள் அளவு உலோகம் மிஞ்சும்போதே நிறுத்திவிட்டு, வெட்டில் உளியை வைத்து ஒரே அடி அடித்தால், கடினமாக்கப்பட்ட உருக்கு ஆதலால் “டிக்” என்று பிளந்து, வளையம் கையாலேயே உருவ வரும். பிளக்கும் துண்டு கண்ணுக்குப் பாயக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடியின்றி இதைச் செய்யவே வேண்டாம். நான் முதன்முறை செய்தபோது அவசரத்தில் தட்டு ஹப்பையும் தொட்டுவிட்டது. சிறு கீறலானால் எமெரித் தாளால் மழுங்கச் செய்யலாம். ஆழமானால் ஹப்பையே மாற்ற வேண்டும்.

அடுத்தது நக்கிளுக்குள் இருக்கும் வெளிவளையம். முதலில், பேரிங் நழுவாமல் பிடிக்கும் உலோக வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றுங்கள். கறளுக்குள் மறைந்திருக்கும் அதைக் காணாமல் பிறெஸ் கொடுத்தால் நக்கிள் வெடிக்கும். பிறகும் அசையாவிட்டால், வளையத்தின் உட்சுவரைச் சுற்றி ஒரு வரி வெல்டிங் ஓட்டுங்கள். அது ஆறும்போது சுருங்கி வளையத்தையும் சுருக்குவதால் பிடி விட்டுவிடும். வெல்டிங் இல்லாதவர்கள் நக்கிளை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அழுத்தித் தள்ளச் சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிறேக் கிளீனரோ மண்ணெண்ணெயோ பட்ட பாகத்தைச் சூடாக்காதீர்கள். முன்னையதில் நச்சுப்புகை எழலாம், பின்னையது தீப்பிடிக்கும்.

புதிய பேரிங்கை முதல் நாளிரவே உறைபெட்டியில் வையுங்கள். 30 பாகையிலிருந்து மறை 18 பாகைக்கு இறங்கும்போது, 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்கு வளையம் ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றர் சுருங்கும். அழுத்திப் பொருத்துவதில் அது பெரிய உதவி. எங்கள் ஈரக்காற்றில் உடனே வியர்த்துவிடும் என்பதால், கடைசி நொடிவரை பொலித்தீன் பையிலேயே இருக்கட்டும். காந்த வளையமுள்ள பக்கம் சென்சரை நோக்கி இருக்க வேண்டும்.

நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்துங்கள்; ஹப்பைச் செருகும்போது உள்வளையத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். இதை மாற்றிச் செய்தால் விசை குண்டுகள் வழியே போய், புதுப் பேரிங்கிலும் சில வாரங்களில் அதே ஊளை கேட்கும். அச்சுக்குப் புது நட்டையே போட்டு, ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க, காரின் கைந்நூலில் உள்ள அளவுக்கு இறுக்கத்தின் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுக்கி, விளிம்பை மடித்த பிறகே சக்கரத்தை நிலத்தில் இறக்குங்கள்.